பத்தியம் எதுவரை?



பத்தியம் என்ற சொல்லுக்குத் தமிழர் வாழ்வில் உள்ள மதிப்பு சிறிதன்று. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், அம்மை கண்டவனுக்கு ஒரு பத்தியம், காமாலைக்கு ஒரு பத்தியம் என்று முன்னோர் வகுத்து வைத்த முறைகள் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன. தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வந்து குடியேறிய பின்னரும் அவை நம்மை விட்டு நீங்கவில்லை. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பத்தின் மூட்டையில், அப்பளம் வடகத்தோடு ஒரு சூரணப் பொட்டலமும் ஒரு தைலப் புட்டியும் இருப்பதை நாம் யாவரும் அறிவோம்.

இவ்வழக்கத்தைப் பழமை என்று இகழ்ந்து தள்ளவும் வேண்டியதில்லை. பழமை என்ற ஒன்றையே சான்றாகக் கொண்டு தழுவவும் வேண்டியதில்லை. எந்த நோய்க்கு எந்தப் பத்தியம் எந்த அளவுக்குப் பயன்படும் என்று ஆராய்ந்து கொள்வதே அறிவுடைமை. அவ்வாறு ஆராயவேண்டிய தேவை மிகுந்துள்ள ஒரு நோய்க் கூட்டத்தைப் பற்றி இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம். மருத்துவர் இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பர்.

நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. வெளியிலிருந்து வரும் நோய்க் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது அதன் தொழில். சிலருடைய உடலில் இக்காவற்படை, தான் காக்க வேண்டிய உறுப்பையே பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம்; கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ நோய்; கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்தால் முதல் வகை நீரிழிவு; சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்தால் சீலியாக் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை ஒருங்கே பற்றும் லூபஸ் நோயும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டுச் சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்று குறிக்கும் சோரியாசிஸ் நோயையும் இவற்றோடு சேர்த்தே இன்று எண்ணுகின்றனர்.

உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் என்பதை மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், 1901-ஆம் ஆண்டையொட்டி, உடல் தனக்கே நஞ்சாகும் பொருளை உண்டாக்க அஞ்சும் என்று கருத்துரைத்தார். அக்கருத்து நெடுங்காலம் நிலவியது. 1956-இல் லண்டனில் ராயிட், டோனியாக் முதலியோர், ஹாஷிமோட்டோ நோயாளரின் குருதியில் அவர்தம் தைராய்டையே எதிர்க்கும் பொருள் இருப்பதைக் கண்டறிந்த பின்னரே எண்ணம் மாறியது. ஆகவே, இந்நோய்களைப் பற்றிய அறிவு ஏறத்தாழ எழுபது ஆண்டுப் பழமையே உடையது எனலாம். நம் பழைய நூல்கள் இவற்றின் அறிகுறிகளைக் கூறியிருக்கின்றன. காரணத்தை இன்றைய முறையில் கூறியிருக்க இயலாது.

இதிலிருந்தே ஓர் உண்மை புலப்படும். "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளும் கஷாயங்களும் கடைதோறும் விற்கின்றன. தன்னுடல் தாக்கு நோயாளருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை; அது வழி தவறியிருக்கிறது. வீட்டாரையே கள்வரென்று பிடித்து அடிக்கும் காவலனுக்கு மேலும் ஒரு தடியைக் கொடுப்பது தகுமா? இந்நோயாளர் எந்த மருந்தையும் உண்ணுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே.

இனி, உணவுக்கும் இந்நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். இதனை விளக்க இருவேறு குழந்தைகளின் வரலாறு துணை செய்யும். ஒரு வரலாற்றில் உணவே மருந்தாயிற்று. மற்றொன்றில் உணவுக் கட்டுப்பாடு மரணத்தைச் சில மாதங்கள் ஒத்திப்போட்டதோடு நின்றது.

முன்னது சீலியாக் குழந்தைகளின் வரலாறு. வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாத கழிச்சலால் நலியும் குழந்தைகளைப் பற்றி 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ எழுதினார். நோய் தீருமானால் உணவினாலேயே தீரும் என்று அவர் கருதினார். எந்த உணவு என்பதுதான் விளங்கவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர், ரொட்டி முதலியவற்றை நீக்கி வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்து இத்தகைய குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ அரிய மருந்துச் சத்து இருக்கிறதென்ற நம்பிக்கை பல ஆண்டுகள் நிலவியது.

உண்மை ஹாலந்து நாட்டில் வெளிப்பட்டது. ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையே குற்றவாளி என்று 1930-களிலிருந்தே ஐயுற்று வந்தார். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போர்க்காலப் பஞ்சத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. நாடே பசியால் வாடிய அக்குளிர் காலத்தில் சீலியாக் குழந்தைகளின் நோய் தணிந்தது. மீண்டும் ரொட்டி கிடைத்தபோது நோயும் திரும்பியது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆராய்ச்சிக் கட்டுரை இதனை நிலைநாட்டியது. பிசைந்த கோதுமை மாவுக்கு இழுபடும் தன்மையைத் தரும் குளூட்டன் என்ற புரதமே இந்நோயைத் தூண்டுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வாழைப்பழம் குழந்தைகளைக் காத்ததென்பது தவறு; ரொட்டி இல்லாமையே காத்தது. ஒரு பத்தியம் பயன்தந்தது என்பது வேறு, ஏன் பயன்தந்தது என்பது வேறு என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பின்னது முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளின் வரலாறு. இன்சுலின் கிடைப்பதற்கு முன் இந்நோய்க்கு உணவுக் கட்டுப்பாடே வைத்தியம். அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் வகுத்த கடுமையான பட்டினி முறையால் குழந்தைகள் சிலகாலம் உயிரோடிருந்தனர். எலும்பும் தோலுமாய் இருந்தனர். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பாகற்காயையும் வெந்தயத்தையும் நம்பி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே குருதியில் அமிலம் மிகுந்து குழந்தையின் உயிருக்கு இறுதி நேரிடும். இங்கே பத்தியம் துணை, இன்சுலின் உயிர்.

இவ்விரண்டையும் இரு கரைகளாகக் கொண்டால், மற்றைய தன்னுடல் தாக்கு நோய்கள் இடையிலே கிடக்கின்றன. எந்த நோய் எந்தக் கரைக்கு அருகில் இருக்கிறது என்றறியாமல் எல்லாவற்றிற்கும் ஒரே பத்தியத்தைக் கூறுவது, ஊர்ப் பெயர் கேளாமல் வண்டியேறுவது போன்றது.

சீலியாக் நோய் பிற மாநிலங்களில் வாழும் தமிழரின் கவனத்திற்கு உரியது. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆயிரம் பேருக்கு வடக்கே சுமார் 12 பேருடைய குருதியிலும், வடகிழக்கே சுமார் 9 பேருடைய குருதியிலும், தெற்கே ஒருவருடைய குருதியிலும் இந்நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் காணப்பட்டது. தெற்கத்தியர் உடல்வாகே வேறு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே நூற்றுக்கு 36 பேரிடமும் இருந்தது. வேறுபாடு உணவில் இருந்தது. நாளொன்றுக்கு ஒருவர் உண்ட கோதுமை வடக்கே சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் அனைத்திலும் நோய் வரும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் "அது வடக்கத்தியர் நோய், நமக்கு வராது" என்ற எண்ணத்திற்கு ஆதாரமில்லை என்பது தெளிவு.

நம் குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு நெடுநாட் கழிச்சல் இருந்தாலும், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாவிட்டாலும், இரும்புச் சத்து மாத்திரைக்கும் தீராத சோகை இருந்தாலும், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். தண்ணீரின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒரு குருதிச் சோதனை செய்துகொள்வது நலம். இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் குருதியில் நோயின் அடையாளம் மறைந்து, இருக்கும் நோய் இல்லையென்று முடிவு வரும். முதலில் சோதனை, பின்னர்ப் பத்தியம் என்பதே முறை.

நோய் உறுதியானால் பத்தியம் வாழ்நாள் முழுமைக்கும் உரியது; அதில் விலக்குக் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றும் ஆகா. சப்பாத்தியையும் பூரியையும் நீக்குவது எளிது. ரவை உப்புமா, ரவா கேசரி, சேமியாப் பாயசம், மைதாவில் செய்த தின்பண்டம், மால்ட் கலந்த பானமாவு ஆகியனவும் கோதுமை அல்லது பார்லியின் வழி வந்தவையே என்பதை மறத்தல் கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைப் பலர் அறியார். சோறும் பருப்பும் குற்றமற்றவை. சாம்பாரில் இட்ட ஒரு சிட்டிகைப் பெருங்காயம் குற்றமாகிவிடும். கோதுமை அரைக்கும் மாவு மில்லிலேயே கேழ்வரகையும் கடலைப் பருப்பையும் அரைத்து வாங்கினால் அதுவும் கெடும். உறையில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டால், கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது நம் நாட்டுச் சட்டவிதி. இவ்வளவு எச்சரிக்கை வேண்டினும், தமிழ்ச் சமையல் இந்நோய்க்கு அருமையாகப் பொருந்துவது. இட்டிலி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு என இதற்கு உரிய உணவுகள் நம்மிடம் நிறைய உள்ளன.

இனி, இரு கரைகளுக்கும் இடைப்பட்ட முடக்குவாதத்தைக் காண்போம். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமை, இரு கைகளின் மூட்டுகளிலும் ஒத்த வீக்கம், அதிலும் மகளிரிடம் மிகுதியாகக் காணல் என்பன இதன் அடையாளங்கள். இந்நோய்க்கு உணவால் நன்மை உண்டா? உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. நார்வே நாட்டில் 53 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1991-இல் வெளிவந்தது. அவர்களுள் 27 பேர் முதலில் ஒரு வாரத்திற்குச் சற்று மேலாக நோன்பிருந்து, பின்னர்ப் பால் பொருளும் கோதுமையும் நீங்கிய மரக்கறி உணவு கொண்டு, அதன்பின் பாலையும் சேர்த்துக்கொண்டனர். ஓராண்டு முடிவிலும் அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்திருந்தன. பயன் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்கு ஏதுமின்றியும் அமைந்தது.

மீனெண்ணெயில் உள்ள கொழுப்புச் சத்தும் இந்நோயின் வலியையும் காலை நேர விறைப்பையும் ஓரளவு தணிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மீன் உண்பவர் இதற்காக விலையுயர்ந்த குப்பிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் மத்திமீனும் கானாங்கெளுத்தியும் இச்சத்து நிறைந்தவை. மும்பைச் சந்தையில் தார்லி என்பது மத்தி. பாங்டா என்பது கானாங்கெளுத்தி. பெயர் மாறினும் பொருள் ஒன்றே.

நாட்டு மருந்தின் நிலை யாது? கோயம்புத்தூரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. முடக்குவாத நோயாளர் 43 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்தும், ஒரு குழுவுக்கு மெதோடிரெக்ஸேட் என்ற நவீன மருந்தும், மற்றொரு குழுவுக்கு இரண்டும் அளித்தனர். எவருக்கு எது என்பது நோயாளருக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி போலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 36 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் கண்டன. நாட்டு வைத்தியத்தை நேர்மையான சோதனைக்கு உட்படுத்த முடியும் என்பதை இது காட்டியது. ஆனால் 43 பேர் என்பது சிறு எண்ணிக்கை. அம்மருந்தும் நோயாளருக்கு ஏற்பத் தேர்ந்த வைத்தியர் வகுத்துக் கொடுத்தது. அம்முடிவைக் காட்டி, முகவரியில்லாத பொட்டலத்தை வாங்கி உண்பது பொருந்தாது.

முடக்குவாதத்தில் காலம் மிக அருமையானது. மூட்டெலும்பு அரிக்கப்படுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பை எந்தப் பத்தியமும் திரும்பக் கொண்டுவராது. "முதலில் ஓராண்டு நாட்டு மருந்தைப் பார்ப்போம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று தள்ளிப்போடுவோர் இழப்பது அந்த ஓராண்டை அன்று, விரல்களை. நோயைத் தணிக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டு, அதனோடு உணவையும் சீர்செய்துகொள்வதே நேரிய வழி. மெதோடிரெக்ஸேட் மருந்து வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் உண்ணத்தக்கது. தெரியாமல் நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஊறு நேரும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் அதனை உண்ணலாகாது. வீட்டில் முதியோருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் இதை நினைவில் இருத்தல் வேண்டும்.

இயற்கை மருந்துக்கும் ஆங்கில மருந்துக்கும் இடையே பலர் எழுப்பும் மதிலும் அவ்வளவு உயரமானதன்று. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் குவினைனை, லண்டனில் பெயின் என்ற மருத்துவர் 1894-லேயே லூபஸ் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். அவ்வழியிலே வளர்ந்த ஹைடிராக்ஸிகுளோரோகுவின் என்ற மருந்து இன்று லூபஸ் நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குகிறது. 1860-களில் நம் நீலகிரியிலும் அந்தச் சிங்கோனா மரத்தைத் தோட்டம் தோட்டமாக நட்டனர் என்பது நாம் அறிந்த செய்தி. மரப்பட்டை மருந்தானது, அளவும் தீங்கும் பயனும் ஆராயப்பட்ட பிறகே.

தைராய்டு நோயிலும் உணவின் பங்கு வேறு வகையானது. ஹாஷிமோட்டோ நோயால் சுரப்பி செயலிழந்தபின் அதன் சுரப்பை மாத்திரையாகக் கொடுப்பதே சிகிச்சை. உணவு அதனை ஈடு செய்யாது. ஆனால் உணவு அம்மாத்திரையைக் கெடுக்கும். நம்மவருக்குக் கண் விழித்ததும் டிகாக்ஷன் காபி வேண்டும். மாத்திரையை உண்டவுடன் காபி குடித்தால் மருந்து குடலில் சரிவர ஏறாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி அருந்துதல் வேண்டும். சுண்ணச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முட்டைக்கோசைக் கண்டு அஞ்சுவோர் பலர். வேகவைத்து அளவோடு உண்பதில் தீங்கில்லை. அயோடின் நிறைந்த கடற்பாசி மாத்திரைகளே இந்நோயாளருக்கு ஆகாதவை.

சோரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீல நிறம் பெறும். வறண்டு செதிலுதிரும் தோலுக்கு அதனைப் பூசுவர். 2005-இல் சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் பயின்ற மருத்துவரிடம் இதனைப் பெறலாம். மிகுந்த உடற்பருமனைக் குறைத்தலும், மதுவையும் புகையையும் விடுத்தலும் இந்நோயைத் தணிக்கும். ஆனால் சோரியாசிஸ் உடையவருக்கு மூட்டிலும் வீக்கம் கண்டால் மேற்பூச்சு போதாது. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இனி, தீங்கைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் சீந்திற்கொடிக் கஷாயம் வீடுதோறும் பரவியது. அதனை உண்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட சிலரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். நாட்டின் 13 மருத்துவமனைகளில் காணப்பட்ட இத்தகைய 43 பேரைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பலருக்கு நேர்ந்த பாதிப்பு, உடலே தன் கல்லீரலைத் தாக்கும் நோயை ஒத்திருந்தது. சீந்திலைப் போன்ற வேறு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்துரைத்தது. வாதம் எவ்வாறாயினும், தன்னுடல் தாக்கு நோயுடையோர் தாமாக அதனை உண்ணாதிருப்பதே பாதுகாப்பு.

பிற மாநிலத்தில் வாழ்வோருக்கு இதில் மற்றோர் இடரும் உண்டு. நாம் சீந்தில் என்பதை இந்தியில் கிலோய் என்பர்; மராத்தியில் குள்வேல்; வங்காளியில் குலஞ்சா. நாம் அமுக்கரா என்பதே அசுவகந்தா. ஊரிலிருந்து வந்த அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து உண்டுவிட்டு, அண்டைக் கடையில் வாங்கிய அசுவகந்தா மாத்திரையையும் உண்பவர், ஒரே மருந்தை இரு மடங்கு உண்பதை உணரார். அமுக்கரா தைராய்டுச் சுரப்பை மிகுவிக்கக் கூடியது. மருத்துவர் கேட்கும்போது தமிழ்ப் பெயரை மட்டும் சொன்னால் அவருக்கு விளங்காது. பயனில்லை என்று சொல்லாமலே விட்டுவிடுவோரும் உண்டு. உண்ணும் ஒவ்வொன்றின் பெயரையும் அவ்வூர் மொழியிலும் எழுதிவைத்துக் காட்டுதல் நன்று.

மற்றொன்று கலப்படம். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. மூன்றே நாளில் மூட்டு வலியைப் பறக்கடிக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. முதலில் வலி மறையும். பின்னர் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினாலும் உடல் தளர்ந்து வீழும். ஆகவே, இத்தகைய பொடியை உண்டு வருவோர் அதனைத் தாமாக நிறுத்தாமல், பொடியையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இத்தனைக்கும் பின் மக்கள் ஏன் இவற்றை நம்புகின்றனர்? அவர்கள் அறிவிலிகள் என்று கூறுவது முறையன்று. நோய் நீண்டது, மருந்து செலவு மிகுந்தது, வலி பொறுக்கவொண்ணாதது. மேலும், இந்நோய்களில் பல தாமே ஏறுவதும் இறங்குவதுமாய் இருக்கும் இயல்பின. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் புதிய மருந்தைத் தேடுவார். உச்சத்திற்குப் பின் இறக்கம் வருவது இயற்கை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, இறுதியில் உண்ட மருந்துக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. அப்புகழ் ஊரெங்கும் பரவுகிறது. பயன் காணாதவரோ வாய் திறப்பதில்லை.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, நோயின் பெயரைச் சோதனையால் உறுதி செய்துகொள்ளுதல். இரண்டாவது, மருத்துவர் கொடுத்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தாமை. மூன்றாவது, உணவில் ஏதேனும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐயுற்றால், ஒரு வேளையில் ஒரு பொருளை மட்டும் மூன்று நான்கு வாரம் நீக்கி, நாள்தோறும் வலியின் அளவைக் குறித்து வைத்து, பின்னர் அதனை மீண்டும் உண்டு பார்த்தல். புளியையும் கத்தரிக்காயையும் பாலையும் பருப்பையும் ஒருசேர நிறுத்தினால் எது குற்றம் செய்தது என்று தெரியாது. உடலுக்குச் சத்தும் இராது. குழந்தைகளும் கருவுற்றோரும் மெலிந்தோரும் இச்சோதனையை மருத்துவர் துணையின்றிச் செய்தலாகாது. நான்காவது, உண்ணும் நாட்டு மருந்தை மறையாமை. அதனையும் பதிவு பெற்ற வைத்தியரிடமே பெறுதல். ஐந்தாவது, முதல் வகை நீரிழிவுடைய குழந்தைக்கு, அதனோடு கூடி வரத்தக்க சீலியாக், தைராய்டு நோய்கள் உண்டா என்று சோதித்துக்கொள்ளுதல்.

பத்தியம் என்பது வாயைக் கட்டுவது மாத்திரம் அன்று. உண்பதில் எவ்வளவு எச்சரிக்கையோ, நம்புவதிலும் அவ்வளவு எச்சரிக்கை வேண்டும். சீலியாக் நோயில் பத்தியமே முழு மருந்து. அங்கே ஒரு சிட்டிகையும் பிறழலாகாது. முதல் வகை நீரிழிவில் அது துணை; அங்கே ஒரு வேளை இன்சுலினும் தவறலாகாது. மற்றவற்றில் அது எதுவரை செல்லும் என்பதை நோயின் பெயரறிந்து, மருத்துவரைக் கேட்டு, நாமே பொறுமையோடு குறித்துப் பார்த்துத் தெளிய வேண்டும். அத்தெளிவோடு உண்ணும் கேழ்வரகுக் கஞ்சியும் நமக்கு நன்மை தரும். மருந்துச் சீட்டில் உள்ள மாத்திரையும் நன்மை தரும்.